அடுத்த வீட்டுக்காரர் அந்நியர் ஆன கதை: ட்ருஹியோவின் டொமினிகன் குடியரசு

கேள்வி இதுதான்: “டொமினிகன் குடியரசு மக்களில் பெரும்பாலானோர் ஆப்பிரிக்க வம்சாவளி கலந்தவர்கள். அப்படியிருந்தும் பக்கத்து ஹைதிக்காரர்களைக் கறுப்பர்கள் என்று சொல்லி ஒதுக்குகிறார்களே, ஏன்? இது சர்வாதிகாரி ட்ருஹியோ உருவாக்கியதா, இல்லை காலங்காலமாக இருந்த பகையா?”

சுருக்கமாகச் சொன்னால், அவர் ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்கவில்லை. ஹைதி மீதான இளக்காரமும் பயமும் தலைநகரத்துப் படித்த, பணம் படைத்த குடும்பங்களில் முன்பே இருந்தன. ஆனால் அந்த மேட்டுக்குடி எண்ணத்தை அரசாங்கத்தின் வேலையாக்கி, பள்ளிக்கூடம், அடையாள அட்டை, தேவாலயம், பட்டாளம் எல்லாவற்றின் வழியாகவும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். இதில் பலரும் கவனிக்காமல் விடுவது நடந்த வரிசையை. வெறுப்பைப் பரப்பிவிட்டு, அதன் முடிவில் கொலை நடந்தது என்றுதான் நாம் சாதாரணமாக நினைப்போம். இங்கே முதலில் கொலை நடந்தது. அதற்கு ஒரு கொள்கை அதன் பிறகுதான் எழுதப்பட்டது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

(தமிழ்ப் பத்திரிகைகளில் ‘ட்ருஜில்லோ’ என்று பார்த்திருப்பீர்கள். ஸ்பானிய உச்சரிப்பில் ட்ருஹியோ. ஆள் ஒருவர்தான்.)

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கரீபியன் கடலில் ஹிஸ்பானியோலா என்று ஒரு தீவு. அதன் மேற்கே மூன்றில் ஒரு பங்கு ஹைதி, மீதி டொமினிகன் குடியரசு. மேற்குப் பகுதியைப் பிரான்ஸ் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டமாக நடத்தியது. அந்த அடிமைகளே கிளர்ந்தெழுந்து, நெப்போலியனின் படையைத் தோற்கடித்து, 1804-ல் ஹைதி என்ற நாட்டை அமைத்தார்கள். கிழக்குப் பகுதி ஸ்பெயினிடம் இருந்தது. 1822-ல் ஹைதி அதிபர் போயேர் கிழக்கையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். 22 வருடம் கழித்து, 1844 பிப்ரவரி 27 அன்று, டொமினிகர்கள் பிரிந்து தனிநாடு ஆனார்கள். அவர்களுடைய சுதந்திர தினம் இன்றும் அதுதான். சுற்றியுள்ள நாடுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய எஜமானனிடமிருந்து விடுபட்ட நாளைக் கொண்டாடுகின்றன. இவர்கள் ஹைதியிடமிருந்து விடுபட்ட நாளைக் கொண்டாடுகிறார்கள். ‘நாம் யார்’ என்பதற்கு ‘ஹைதிக்காரன் அல்லாதவன்’ என்ற பதிலுக்கான இடம் அங்கேயே உண்டாகிவிட்டது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இரண்டு விஷயங்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். கிழக்குப் பகுதியில் அடிமைமுறையை ஒழித்தது 1822-ல் வந்த அந்த ஹைதி ஆட்சிதான். அப்புறம், 1861-ல் ஸ்பெயின் மறுபடியும் நாட்டை எடுத்துக்கொண்டபோது, 1865 வரை அதை எதிர்த்துப் போராடிய டொமினிகர்களுக்கு ஹைதி உதவி செய்தது. ஆக, பகையும் உண்டு, துணையும் உண்டு. அக்கம்பக்கத்து நாடுகளுக்குள் வழக்கமாக இருப்பதுதான்.

இப்போது எல்லைப் பகுதிக்கு வருவோம். என் பார்வையில் முழுக் கதையின் உயிரும் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கொலை நடந்த 1937-க்கு முந்தைய வடக்கு எல்லையைக் கற்பனை செய்து பாருங்கள். டஹபோன் என்ற டொமினிகன் ஊர், ஆற்றுக்கு அக்கரையில் வானமெந்த் என்ற ஹைதி ஊர். வரைபடத்தில் கோடு இருந்தது. அதைக்கூட 1929-ல்தான் ஒப்பந்தம் போட்டு முறையாக வரைந்தார்கள், 1936-ல் திருத்தி முடித்தார்கள். ஆனால் அங்கே வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கோடு பெரிதாக ஒன்றும் இல்லை. ஹைதி வம்சாவளிக் குடும்பங்கள் ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறையாக டொமினிகன் பக்கத்தில் நிலத்தைத் திருத்திப் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். ஜனம் குறைவு, நிலம் தாராளம், அதனால் நிலத்துக்காகப் பெரிய சண்டை இல்லை. மாடு ஆற்றைத் தாண்டி மேயும். சந்தையில் ஹைதியின் பணமான கூர்த் செல்லும். பிள்ளைகள் ஸ்பானியமும் பேசுவார்கள், ஹைதியின் கிரெயோல் மொழியும் பேசுவார்கள். கல்யாணம் இரண்டு பக்கத்துக்குள்ளும் நடக்கும். டொமினிகன் மண்ணில் பிறந்தவர் டொமினிகர் என்பது அன்றைய அரசியல் சட்டம். அதன்படி அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் டொமினிகன் குடிமக்கள்.

பிற்காலத்தில் வரலாற்றாளர்கள் எல்லைக்குப் போய், இரண்டு பக்கத்திலும் உயிரோடு இருந்த முதியவர்களிடம் பேசிப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த வாக்குமூலங்களில் திரும்பத் திரும்ப வருவது, ‘நாங்கள் ஒன்றாகத்தான் இருந்தோம்’ என்பது. அதற்காக அங்கே வேற்றுமையே இல்லை என்று சொல்ல மாட்டேன். யார் எந்த வம்சம் என்று எல்லோருக்கும் தெரியும், கேலியும் இருக்கும், ஹைதிக்காரர்களுக்கு மாந்திரீகம் தெரியும் என்ற பயமும் இருந்தது. ஆனால் அந்த வேற்றுமை ஒரே ஊருக்குள் இருந்த வேற்றுமை. ‘நீ இந்த ஊர்க்காரன் இல்லை’ என்று சொல்ல அதை யாரும் பயன்படுத்தவில்லை. தலைநகரத்து அறிவாளிகளுக்கு இந்தக் கலப்பே நெருடலாக இருந்தது. ஹைதி ஆயுதம் இல்லாமல் ‘அமைதியாகப் படையெடுத்து’ நாட்டை விழுங்குகிறது என்று அவர்கள் எழுதினார்கள். எல்லை மக்களிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

இனி ட்ருஹியோ. 1891-ல் சான் கிறிஸ்டோபால் ஊரில் பிறந்தவர். 1916 முதல் 1924 வரை அமெரிக்கா அந்த நாட்டைப் படை கொண்டு ஆண்டது. அப்போது அமெரிக்கக் கடற்படையினர் உருவாக்கிப் பயிற்சி கொடுத்த காவல் படையில் சேர்ந்து மளமளவென்று மேலே வந்தார். 1930-ல் ஆட்சியைப் பிடித்தார், 1961 மே 30 அன்று சுட்டுக் கொல்லப்படும்வரை விடவில்லை. இடையில் வேறு ஆட்களைப் பெயருக்கு அதிபராக உட்கார வைத்த காலங்களிலும் அதிகாரம் அவர் கையில்தான். 1936-ல் தலைநகர் சாந்தோ தொமிங்கோவின் பெயரையே ‘ட்ருஹியோ நகரம்’ என்று மாற்றினார். நாட்டின் மிக உயரமான மலைக்கும் தன் பெயர். ‘கடவுளும் ட்ருஹியோவும்’ என்ற வாசகம் ஊரெங்கும். தெருவில் போகிற ஆணைக் காவலர் நிறுத்தினால் மூன்று காகிதங்களைக் காட்ட வேண்டும்: அடையாள அட்டை, ஆளும் கட்சியின் உறுப்பினர் அட்டை, இராணுவப் பயிற்சிக்கான சான்று. அந்த ஒரே கட்சியில் உறுப்பினராக இல்லாதவர் வேலை தேடுவதே கஷ்டம்.

அவருடைய தாய்வழிப் பாட்டி எர்சினா செவாலியே ஹைதி வம்சாவளி. இது அன்றே பலருக்கும் தெரியும், ஆனால் வாய் திறக்க முடியாது. அவர் முகத்தை வெளுப்பாகக் காட்டப் பவுடர் பூசுவார் என்பதையும் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு நாடு முழுவதையும் ‘நம்மிடம் ஆப்பிரிக்கா இல்லை’ என்று சொல்ல வைத்தவர், காலையில் எழுந்து முதலில் தன் முகத்தை அப்படிச் சொல்ல வைக்க வேண்டியிருந்தது. இதை ஒரு மனிதரின் கோணல் புத்தி என்று ஒதுக்கிவிடக் கூடாது. வெள்ளைத் தோலுக்கே மதிப்பு என்று அடிமைக் காலத்திலிருந்து கற்றுக்கொடுத்த ஒரு சமூகத்தில், மேலே ஏற நினைக்கும் எவருக்கும் அந்த நிர்ப்பந்தம் இருந்தது. அவர் அதை மொத்த நாட்டின் மீதும் சட்டமாகச் சுமத்தினார்.

ஆரம்பத்தில் அவரும் ஹைதியுடன் நல்லுறவாகத்தான் இருந்தார். 1936-ல் எல்லை உடன்பாடு முடிந்தபோது ஹைதி அதிபர் ஸ்டெனியோ வென்சானும் அவரும் நண்பர்களாகக் காட்சி தந்தார்கள். அது இரண்டு வருடம்கூட முழுதாகத் தாங்கவில்லை.

1937 ஆகஸ்டிலிருந்து ட்ருஹியோ எல்லைப் பகுதியில் சுற்றுப்பயணம் செய்தார். அக்டோபர் 2 அன்று டஹபோனில் அவருக்காக ஒரு நடன விருந்து வைத்தார்கள். அங்கே அவர் எழுந்து பேசினார். ஹைதிக்காரர்கள் மாடு திருடுகிறார்கள், பயிரைக் களவாடுகிறார்கள் என்று இங்குள்ளவர்கள் புகார் சொன்னார்கள், சரிசெய்கிறேன் என்று சொல்லியிருந்தேன், வேலை ஆரம்பமாகிவிட்டது, பானிகா என்ற இடத்தில் 300 ஹைதிக்காரர்கள் செத்துவிட்டார்கள், இது தொடரும் என்ற பொருளில் அறிவித்தார். ஒரு விருந்து மேடையில், இசை நடுவே, ஒரு நாட்டின் தலைவர் இதைச் சொன்னார்.

அடுத்த ஒரு வாரம் வடக்கு எல்லை முழுக்கக் கொலை. துப்பாக்கியை அதிகம் பயன்படுத்தவில்லை, ‘மச்சேத்தே’ என்னும் நீளமான வெட்டுக்கத்திதான். ‘பொறுமை இழந்த விவசாயிகள் வெட்டினார்கள்’ என்று பிற்பாடு உலகத்திடம் சொல்ல வசதியாக இருக்கும் என்பதே காரணம். உண்மையில் வெட்டியவர்களில் பெரும்பாலோர் பட்டாளத்துக்காரர்கள், அதுவும் வேறு மாகாணங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். உள்ளூர்க்காரர்கள் சிலரைக் கட்டாயப்படுத்திச் சேர்த்தார்கள், சிலர் தாமாகவும் சேர்ந்தார்கள். அக்டோபர் 5-க்குப் பிறகு பாலத்தையும் மூடிவிட்டார்கள். தப்பி ஓடியவர்கள் ஆற்றில் இறங்கினார்கள், பலர் கரையேறவில்லை. அந்த ஆற்றின் பெயரே மசாக்ரே, அதாவது ‘படுகொலை ஆறு’. பெயர் 1937-ல் வந்ததல்ல. காலனி ஆட்சிக் காலத்தில் நடந்த வேறொரு கொலையால் வந்தது.

எத்தனை பேர் என்று துல்லியமாகச் சொல்ல வழியில்லை. மதிப்பீடுகள் சில ஆயிரங்களில் தொடங்கி 20,000-க்கு மேலும் போகின்றன. 10,000-க்கும் 20,000-க்கும் இடையில் என்று சொல்வோர் அதிகம். அன்றைய அமெரிக்கத் தூதர், ஹைதிக்காரர்களை அடியோடு அழிக்கத் திட்டமிட்டு நடத்தப்பட்ட நடவடிக்கை இது என்று தன் அரசுக்கு எழுதினார். தெற்கு எல்லையில் 1938-ல் இன்னொரு சுற்று நடந்தது. டொமினிகர்கள் இதை ‘எல் கோர்த்தே’, அதாவது ‘வெட்டு’ என்றார்கள். மரம் வெட்டுவது, கரும்பு வெட்டுவது எல்லாவற்றுக்கும் உள்ள அதே சொல்.

உலகத்துக்கு இது ‘பார்ஸ்லி படுகொலை’ என்று அறிமுகம். நாம் கொத்தமல்லியைப் போடுகிற மாதிரி அவர்கள் சமையலில் போடும் தழை பார்ஸ்லி, ஸ்பானியத்தில் ‘பெரெஹில்’. சிப்பாய் ஒரு கொத்தை நீட்டி ‘இது என்ன?’ என்று கேட்பானாம். கிரெயோல் பேசி வளர்ந்தவருக்கு நடுவிலிருக்கும் ‘ர’வும் ‘ஹ’வும் ஸ்பானியக்காரர் மாதிரி வராது. வராவிட்டால் வெட்டு. ழகரம் சொல்லத் தெரியாதவரை நாம் கிண்டல் செய்வோம் அல்லவா, அந்த மாதிரி ஒரு நாக்குப் பழக்கம் உயிரை எடுத்திருக்கிறது.

இந்தக் கதை ஓரளவு உண்மை. பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். எல்லையில் பிறந்து வளர்ந்த ஹைதி வம்சாவளியினர் நன்றாகவே ஸ்பானியம் பேசினார்கள். அவர்களுக்கு ‘பெரெஹில்’ சரளமாக வரும். நிறத்தைப் பார்த்தும் பிரிக்க முடியாது, டொமினிகர்களிலும் அதே நிறத்தவர்கள் ஏராளம். அப்படியென்றால் வெளியூர் சிப்பாய் எப்படி ஆளைக் கண்டுபிடித்தான்? உள்ளூரில் யாராவது கையைக் காட்டினார்கள். அந்தத் தழைச் சோதனையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: இரண்டு இனங்களுக்கு நடுவே தெளிவான ஒரு கோடு ஏற்கெனவே இருந்தது என்ற தோற்றத்தை அது உண்டாக்கியது. உண்மையில் கோடு அங்கே இல்லை. அது இல்லாததால்தான் கத்தியை வைத்துப் போட வேண்டியிருந்தது.

இதையும் எழுதாவிட்டால் அநியாயம்: எத்தனையோ டொமினிகன் விவசாயக் குடும்பங்கள் அக்கம்பக்கத்து ஹைதிக்காரர்களை வீட்டிலும் காட்டிலும் ஒளித்து வைத்து, இரவோடு இரவாக ஆற்றைக் கடத்திவிட்டார்கள். பிடிபட்டிருந்தால் தங்கள் உயிரும் போகும் என்று தெரிந்தே செய்தார்கள்.

செய்தி வெளியே கசிந்ததும் அமெரிக்கா நெருக்கியது, பேச்சுவார்த்தை நடந்தது. 1938 ஜனவரியில் 7,50,000 டாலர் இழப்பீடு என்று ஒப்புக்கொண்டார்கள், ஆனால் டொமினிகன் அரசு குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு அந்தத் தொகையும் 5,25,000 டாலராகக் குறைந்தது. தப்பிப் பிழைத்தவர்கள் கைக்கு அதில் வந்து சேர்ந்தது மிகச் சொற்பம். அதற்காக யாரும் சிறையில் வாடவில்லை.

சரி, கொலை முடிந்தது. இப்போது அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. இங்கேதான் அறிவாளிகள் வந்தார்கள்.

மனுவேல் அர்துரோ பெஞ்ஞா பாட்லே என்ற வரலாற்றாளர், வழக்கறிஞர். ஒரு காலத்தில் ட்ருஹியோவிடமிருந்து விலகி நின்றவர், பிறகு அவர் பக்கம் வந்தவர். 1942-ல் எலியாஸ் பிஞ்ஞா என்ற எல்லை ஊரில் ஒரு புகழ்பெற்ற உரை நிகழ்த்தினார். ஹைதிக்காரர்கள் நோயும் மாந்திரீகமும் சுமந்து வரும் வேறொரு வகை மனிதர்கள், எல்லையைப் பாதுகாப்பது நாகரிகத்தைப் பாதுகாப்பது என்பது அதன் சாரம். ஹோவாகின் பலாகேர் என்ற இன்னொருவர், வெளியுறவுத் துறையிலிருந்து ஆட்சியின் செயலை வெளிநாட்டினருக்கு நியாயப்படுத்திக்கொண்டிருந்தார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார். இவர்கள் எழுதியதன் அடிப்படை ஒன்றுதான்: டொமினிகர் என்றால் ஸ்பானிய மொழி, கத்தோலிக்க மதம், வெளுப்பு. ஹைதி என்றால் கிரெயோல், வூடு என்னும் ஆப்பிரிக்க வேர் கொண்ட வழிபாடு, கறுப்பு.

எல்லையை ‘டொமினிகன்மயமாக்கும்’ திட்டம் இதோடு சேர்ந்து வந்தது. பள்ளிக்கூடங்கள், சாலைகள், தேவாலயங்கள், விவசாயக் குடியிருப்புகள் கட்டினார்கள். பிரெஞ்சு, கிரெயோல் ஒலியுள்ள ஊர்ப் பெயர்களையும் ஆற்றுப் பெயர்களையும் மாற்றி ஸ்பானியப் பெயர் வைத்தார்கள். வூடு வழிபாட்டைத் தடை செய்து 1943-ல் சட்டம் போட்டார்கள். இந்தத் திட்டத்தின் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதுவரை அரசாங்கத்தின் வாசனையே அறியாத ஏழை விவசாயிக்கு முதல் முறையாகப் பள்ளி, பாசனம், நிலப் பத்திரம் கிடைத்தது. கூடவே ‘நீ டொமினிகன், அவன் ஹைதிக்காரன்’ என்ற பாடமும் கிடைத்தது. ஒரே கையால் இரண்டையும் கொடுத்தார்கள். ட்ருஹியோ காலத்தைப் பற்றி நாட்டுப்புறத்து முதியவர்கள் பலர் நன்றாகவே பேசியதற்கு இதுதான் காரணம். கொடுங்கோல் ஆட்சி அடியால் மட்டும் நிற்பதில்லை, சோற்றாலும் நிற்கிறது.

அப்புறம் நிறம். ஒரு பிரச்சினை அவர்களுக்கு இருந்தது. நாடு வெளுப்பானது என்று எழுதிவிட்டார்கள், ஆனால் மக்களில் மிகப் பெரும்பாலோர் கலப்பு நிறத்தவர்கள் அல்லது கறுப்பர்கள். இவர்களை என்ன செய்வது? ‘இந்தியோ’ என்ற சொல் கைகொடுத்தது. நம் இந்தியாவோடு இதற்குச் சம்பந்தமில்லை. கொலம்பஸ் வந்தபோது தீவில் வாழ்ந்த தைனோ பழங்குடியினரைக் குறிக்கும் சொல் அது. ஸ்பானியர் வந்த சில பத்தாண்டுகளிலேயே அந்த மக்கள் நோயாலும் கொடுமையாலும் ஏறக்குறைய அழிந்துபோனார்கள். அழிந்துபோன அந்த மக்களின் பெயரை எடுத்து, உயிரோடு இருந்த ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குச் சூட்டினார்கள். ‘இந்தியோ’ என்ற சொல் மக்கள் பேச்சில் முன்பே உண்டு. ட்ருஹியோ ஆட்சி அதை அடையாள அட்டையில் ஏற்றியது. அட்டையில் தோல் நிறத்துக்கு ஓர் இடம். கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் ‘வெளுத்த இந்தியோ’, கருப்பாக இருந்தால் ‘கருத்த இந்தியோ’. கறுப்பர் என்ற சொல் ஹைதிக்காரருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது.

வரன் பார்க்கும் விளம்பரத்தில் ‘மாநிறம்’ என்று போடுகிறோமே, கறுப்பு என்று எழுதாமல் தப்பிக்க, அந்தச் சொல்லை அரசாங்கமே உங்கள் அட்டையில் எழுதி, ‘அதனால்தான் நீ இந்த நாட்டவன்’ என்றும் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் அங்கே நடந்தது. சர்வாதிகாரி போனபிறகும் பல பத்தாண்டுகள் அட்டையில் அந்த வழக்கம் நீடித்தது. இன்னும் அங்கே சுருட்டை முடியைக் ‘கெட்ட முடி’ என்றும் நேரான முடியை ‘நல்ல முடி’ என்றும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். தன்னைவிட வெளுப்பான துணையைக் கட்டிக்கொள்வதற்கு ‘இனத்தை மேம்படுத்துவது’ என்று பெயர். இதையெல்லாம் வீட்டில் சொல்லும் அம்மாக்களும் பாட்டிகளும் ட்ருஹியோவின் கட்சிக்காரர்கள் அல்ல. பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று சொல்கிறவர்கள்தான். ஓர் ஆட்சியின் கொள்கை பாட்டியின் அக்கறையாக மாறிவிட்டால் அதை ஒரு தேர்தலில் மாற்ற முடியாது.

இசைக்கும் இதே கதிதான். சிபாவோ பகுதியின் ‘மெரெங்கே’ இசையை ட்ருஹியோ தேசிய இசையாக உயர்த்தினார். அதைக் கேட்டால் ஆப்பிரிக்கத் தாளம் எந்தக் காதுக்கும் கேட்கும். ஆனால் அதை ஸ்பானிய மரபாகவே விளக்கினார்கள். நாட்டுப்புறத்து மேள வழிபாடுகளைக் கீழானவையாக ஒதுக்கினார்கள்.

நாட்டை ‘வெளுக்க’ ஆள் இறக்குமதியும் நடந்தது. 1938 ஜூலையில் ஐரோப்பிய யூத அகதிகளைப் பற்றிப் பேச எவியான் நகரில் மாநாடு கூடியது. எல்லா நாடுகளும் கையை விரித்தபோது, 1,00,000 பேர் வரை ஏற்கிறோம் என்று சொன்னது டொமினிகன் குடியரசு மட்டும்தான். எல்லையில் அந்த வெட்டு நடந்து ஒன்பதே மாதம். கெட்ட பெயரைக் கழுவ வேண்டும், வெள்ளைத் தோல் குடியேறிகளும் வேண்டும், இரண்டுக்கும் அது உதவியது. வடக்குக் கடற்கரையில் சோசுவா என்ற இடத்தில் சில நூறு பேர் வந்து குடியேறி மாட்டுப்பண்ணை வைத்துப் பால், வெண்ணெய் தயாரித்துப் பிழைத்தார்கள். அந்த மனிதர்களின் உயிர் நிஜமாகவே காப்பாற்றப்பட்டது, அதை நன்றியோடு சொல்பவர்களைக் குறை சொல்லவே முடியாது. ஒரே ஆட்சி ஓரிடத்தில் ஆயிரக்கணக்கானவர்களை நிறத்துக்காகக் கொன்று, வேறிடத்தில் நூற்றுக்கணக்கானவர்களை நிறத்துக்காகக் காப்பாற்றியது. இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள்.

ஒரு முரண்பாட்டையும் பாருங்கள். 1937-ல் எல்லையில் விவசாயம் செய்த ஹைதிக்காரர்களைத்தான் கொன்றார்கள். அமெரிக்கக் கம்பெனிகளின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தவர்களைப் பெரும்பாலும் தொடவில்லை. 1950-களில் ட்ருஹியோ தானே சர்க்கரை ஆலைகளை வாங்கிக் குவித்தார். 1952-ல் கரும்பு வெட்ட ஆள் அனுப்பும்படி ஹைதி அரசோடு ஒப்பந்தமே போட்டார். வந்தவர்கள் ‘பத்தேய்’ என்ற குடியிருப்புகளில் அடைபட்டார்கள். நம் தேயிலைத் தோட்டத்து லயன்களைத் தெரிந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. சொந்த நிலத்தில் சொந்தக்காரனாக நின்ற ஹைதிக்காரன் அபாயம், லயனில் கூலியாக நின்றவன் தேவை. ‘ஹைதிக்காரன் என்றால் கரும்பு வெட்டுகிறவன்’ என்று இன்று டொமினிகர்கள் மனதில் பதிந்திருக்கும் படம் அப்படி வந்ததுதான். அதற்கு முன்பு எல்லையில் இருந்த விவசாயியை, வியாபாரியை, அக்கம்பக்கத்தாரை அந்தப் படம் முழுதாக மறைத்துவிட்டது.

1961-ல் ட்ருஹியோ செத்தார். தலைநகரத்துக்குப் பழைய பெயர் திரும்பியது, சிலைகள் விழுந்தன. கொள்கை விழவில்லை. அதை எழுதியவர்களில் ஒருவரான பலாகேர் 1966 முதல் 1978 வரையும் 1986 முதல் 1996 வரையும் அதிபராக இருந்தார். ஹைதியின் ‘உயிரியல் படையெடுப்பு’ என்ற அதே வாதத்தை 1983-ல் மறுபடியும் நூலாக வெளியிட்டார்.

அவருக்கு எதிராக நின்றவர் ஹோசே பிரான்சிஸ்கோ பெஞ்ஞா கோமெஸ். 1937-ல் பிறந்தவர். படுகொலையின்போது அவருடைய ஹைதி வம்சாவளிப் பெற்றோர் தப்பி ஓட நேர்ந்தது, குழந்தையை ஒரு டொமினிகன் குடும்பம் எடுத்து வளர்த்தது. தலைநகரின் மேயராக இருந்தார், மக்கள் திரளை ஈர்க்கும் பேச்சாளர். 1994 தேர்தலில் ‘இவர் வந்தால் நாட்டை ஹைதியோடு இணைத்துவிடுவார்’ என்று பிரசாரம் செய்தார்கள். மோசடிப் புகார்களுக்கு நடுவே பலாகேர் மிகச் சொற்ப வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. கிளர்ச்சி எழுந்ததால் அவருடைய பதவிக்காலத்தை இரண்டு வருடமாகக் குறைத்தார்கள். 1996-ல் முதல் சுற்றில் பெஞ்ஞா கோமெஸ் முன்னிலை வந்தார். இரண்டாம் சுற்றில் அவரைத் தடுக்க, காலமெல்லாம் பகைவர்களாக இருந்த பலாகேரும் முன்னாள் அதிபர் ஹுவான் போஷும் கைகோர்த்தார்கள். தோற்றார். 1998-ல் இறந்தார். இன்று தலைநகரின் சர்வதேச விமான நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த நாட்டிலிருந்து நாடு கடத்தப்படும் ஹைதி வம்சாவளியினருக்கு அந்த மரியாதை என்ன ஆறுதலைத் தரும் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக 2013. இதைச் சொல்லாமல் உங்கள் கேள்விக்கான பதில் முழுமை அடையாது. டொமினிகன் மண்ணில் பிறந்தால் குடியுரிமை என்ற 1929 அரசியல் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது: தூதர்களின் பிள்ளைகளுக்கும், நாட்டில் ‘கடந்து செல்லும் பயணி’களாக இருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் கிடையாது. பயணி என்றால் யார்? 1939-ல் வந்த குடியேற்ற விதி, பத்து நாள் தங்குபவரை அப்படி வரையறுத்தது. அதாவது ட்ருஹியோ ஆட்சியின் விதியே பத்து நாள் என்றுதான் சொன்னது. 2013 செப்டம்பர் 23 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம், முறையான ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் எல்லோரும் இந்த வகைதான் என்று சொல்லி, அதை 1929 வரைக்கும் பின்னோக்கிச் செல்லுபடியாக்கியது. முப்பது, நாற்பது வருடமாகப் பத்தேயில் வாழ்ந்து, கரும்பு வெட்டி, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் ஒரே நாளில் ‘கடந்து செல்லும் பயணி’ ஆனார்கள். ஹைதியைக் கண்ணால் பார்த்திராத, ஸ்பானியம் தவிர வேறு மொழி தெரியாத அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குடியுரிமை இல்லாதவர்கள் ஆனார்கள். பாதிக்கப்பட்டவர்கள் லட்சத்துக்கும் அதிகம் என்று மதிப்பிடுகிறார்கள். உலகம் கண்டித்ததும் 2014-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, பிறப்புப் பதிவில் ஏற்கெனவே பெயர் ஏறியிருந்தவர்களுக்குக் குடியுரிமையைத் திருப்பித் தர வழி செய்தார்கள். பதிவே இல்லாதவர்கள் தங்களை வெளிநாட்டவர் என்று பதிந்துகொண்டு, பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். பிறந்த மண்ணில் நின்றுகொண்டு ‘நான் அந்நியன்’ என்று கையெழுத்துப் போடச் சொல்வது. அந்தக் கையெழுத்தைப் போட மாட்டேன் என்று மறுத்தவர்களும் உண்டு.

ஹைதியில் அரசு குலைந்து, கும்பல்கள் ஆயுதத்தோடு ஆளும் நிலை வந்தபிறகு, எல்லையில் டொமினிகர்களுக்கு நிஜமான கவலைகளும் இருக்கின்றன. அதை மறுக்க மாட்டேன். மருத்துவமனைச் செலவு, பாதுகாப்பு, வேலை எல்லாம் நியாயமாகப் பேச வேண்டிய விஷயங்கள். 2022-ல் எல்லைச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். 2023-ல் மசாக்ரே ஆற்றில் ஹைதிப் பக்கம் கால்வாய் வெட்டியதற்காக எல்லா எல்லைகளையும் மூடினார்கள். 2024-ல் வாரத்துக்கு 10,000 பேர்வரை திருப்பி அனுப்புவோம் என்று அரசு அறிவித்தது. ஆனால் வீதியில் சோதனைக்கு நிறுத்துபவர் யாரை நிறுத்துகிறார் என்று கேட்டுப் பாருங்கள். கருத்த நிறத்து டொமினிகர்களும் அட்டையைக் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 1937-ல் சிப்பாய்க்கு இருந்த அதே சிக்கல்: பார்த்தால் தெரிவதில்லை.

டஹபோனில் திங்களும் வெள்ளியும் சந்தை. எல்லை திறந்திருக்கும் நாட்களில் காலையில் கதவு திறந்ததும் ஹைதிப் பெண்கள் தலையில் மூட்டையோடு பாலத்தைக் கடந்து ஓடி வருவார்கள், இடம் பிடிக்க. துணி, அரிசி, பூண்டு, முட்டை என்று எல்லாம் கைமாறும். விலை பேசும்போது இரண்டு மொழியும் கலந்துதான் வரும். டொமினிகன் வியாபாரிகளில் பலருக்கு எண்ணிக்கை வரைக்கும் கிரெயோல் தெரியும், சிலருக்கு அதற்கு மேலும். சாயங்காலம் கதவை மூடுவதற்குள் அக்கரைக்குத் திரும்பிவிட வேண்டும்.